சீழுக்கு யார் பதில் சொல்வது?

"இன்ஃபெக்‌ஷன் ஆயிடுச்சும்மா, நாங்க என்ன பண்றது?"

இதை எனக்குச் சொல்லாத ஆளே இல்லை. பில் போடுகிற பெண் சொன்னாள். கட்டுப் பிரிக்க வருகிற பையன் சொன்னான். பெரிய டாக்டர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மழை வந்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்பது மாதிரிச் சொன்னார்கள். யாரும் எதையும் செய்யவில்லையாம். செய்ய வேண்டிய எதையும் விடவும் இல்லையாம். கிருமி தானாக வந்ததாம், என் வீட்டுக்காரர் காலில் ஏறியதாம், தோலைத் தின்றதாம், சதையைத் தின்றதாம், எலும்புக்குள் போய் உட்கார்ந்ததாம். முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை என்று ஆகிற வரைக்கும் அதை யாராலும் தடுக்க முடியவில்லையாம்.

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்களைப் பகைத்துக்கொண்டால் அடுத்த தடவை யார் பார்ப்பார்கள் என்ற பயம். இப்போது பார்ப்பதற்குக் காலே இல்லை. இனி எனக்கு என்ன பயம்?

நாங்கள் காஞ்சிபுரம் ஓரிக்கை. நெசவுக் குடும்பம். மகா பெரியவர் மணிமண்டபத்தைப் பார்க்க எங்கெங்கிருந்தோ கார் எடுத்துக்கொண்டு வருகிறார்களே, அந்த ஊர்தான். எங்களுடையது குழித்தறி. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார வேண்டும். கைக்கு நாடா, காலுக்கு மிதி. மிதித்தால்தான் பாவு பிரியும், பாவு பிரிந்தால்தான் நாடா ஓடும். கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் இன்னொரு ஆளும் வேண்டும், கரை நாடாவை வாங்கிப் போட. அந்த ஆள் நான். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருக்குப் பக்கத்தில் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவே பெருமையாகப் பேசிக்கொண்டது. சேலைக்குக் காப்பு வந்தது. அதை நெய்கிற காலுக்கு?

விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உத்திரமேரூர் ரோட்டில் ராத்திரியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், டிப்பர் லாரிகள் எப்படிப் போகும் என்று. பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்துகொண்டிருந்தவரை ஒரு லாரி உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. ரோட்டோரத்தில் கொட்டியிருந்த ஜல்லிமேல் வண்டியோடு விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவருக்கு நினைவு இருந்தது. பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. விரலை அசைக்கச் சொன்னேன், அசைத்தார். அது பிழைக்க வேண்டிய கால். இதை நான் சொல்லவில்லை. பின்னால் சென்னையில் பார்த்த டாக்டரே சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி எங்களை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதன் பேரை எழுதப் போவதில்லை. கேஷுவால்டி கதவுக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. பஞ்சால் மேலே துடைத்தார்கள். ஒரு சலைன் பாட்டிலில் பாதியை ஊற்றினார்கள். பழுப்பு மருந்து ஊற்றினார்கள். பிறகு தையல். பிளந்து கிடந்த சதையை இழுத்துப் பிடித்து, இறுக்கி, அழகாகத் தைத்தார்கள். "உள்ள மண்ணு இருக்குங்க, ஜல்லித் தூள் இருக்குங்க" என்று சொன்னேன். "எல்லாம் மருந்து போட்டாச்சு, நீ வெளிய நில்லும்மா" என்றார்கள். அடுத்த நாள் பிளேட் வைத்தார்கள். பிளேட் வைப்பதற்கு முன்னால் ஒருவர் வந்து பிளேடால் கால் முடியைச் சரசரவென்று வழித்துவிட்டுப் போனார். தோலில் சின்னச் சின்னதாக ரத்தம் புள்ளி வைத்தது. சவரக்கத்தியால் வழிக்கவே கூடாது, அந்தக் கீறலில்தான் கிருமி குடியேறும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே எழுதி வைத்திருக்கிறதாம். அங்கே யாரும் படித்திருக்கவில்லையா?

வார்டில் கட்டு மாற்றுவதைச் சொல்ல வேண்டும். ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் ஒரு கிட்னி ட்ரே, ஒரு கத்திரிக்கோல், ஒரு இடுக்கி, பஞ்சு டிரம் ஒன்று. பையன் வருவான். கையில் கையுறை போட்டிருப்பான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துக் கட்டிலில் இடுப்பில் புரையோடிக் கிடந்த தாத்தாவின் கட்டைப் பிரித்த அதே கையுறை. அதே கையால் டிரம்முக்குள் பஞ்சை எடுப்பான். அதே கத்திரிக்கோலை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எங்கள் கட்டுக்கு வருவான். கையுறை போட்டது அவன் கைக்காகவா, எங்கள் புண்ணுக்காகவா? கேட்டேன். "இத்தனை கட்டிலுக்கு ஒவ்வொண்ணா மாத்தினா ஸ்டாக் எங்கிருந்து வரும், அக்கா?" என்றான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு ஸ்டாக் கொடுக்காதவர் யாரோ, அவர்மேல்தான். கட்டுக் கட்டியதற்கும் கையுறைக்கும் தனித்தனியாக பில்லில் காசு போட்டிருந்தார்கள். மாற்றாத கையுறைக்கு நாங்கள் காசு கட்டியிருக்கிறோம்.

அந்த வாரத்துக்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது கொடுத்த தாளில் 'அறுவைக்குப் பின் குறிப்பிடும்படி எதுவுமில்லை, நிலைமை திருப்திகரம்' என்று போட்டிருந்தது. அன்றைக்கே அவருக்கு உள்ளங்கை கொதித்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தையலுக்கு நடுவில் சிவந்தது. பிறகு வீங்கியது. பிறகு ஒரு தையலின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு. அதைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன சொன்னார்கள் தெரியுமா? "தண்ணி பட்டிருக்கும்." "வீட்ல சுத்தமா வெச்சுக்கலை." "சுகர் இருக்கும், செக் பண்ணுங்க." சுகர் இல்லை. "கத்தரிக்காய், கருவாடு சாப்பிட்டீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். கிருமி எங்கள் வீட்டு அடுப்பில் இருந்து வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் வீட்டைப் பெருக்கித் துடைத்து, துணியைக் கொதிநீரில் போட்டு, ஈ வராமல் கொசுவலைக்குள் அவரைப் படுக்க வைத்திருந்தேன். பட்டில் ஒரு பொட்டுக் கறை பட்டால் கூலியில் பிடிக்கிற தொழில் எங்களுடையது. எங்களுக்கா சுத்தம் தெரியாது?

சீழைச் சோதனைக்கு அனுப்பவே இல்லை. ஊசியை மட்டும் மாற்றினார்கள். ஒன்று கேட்கவில்லை என்றால் அதைவிட விலை கூடின இன்னொன்று. எந்தக் கிருமி என்றே தெரியாமல் எந்த மருந்தைக் கொடுப்பீர்கள்? அந்த ஊசிகளுக்குத்தான் என் தாலிக்கொடி போனது. அந்த ஊசிகளுக்குத்தான் முதலாளியிடம் முன்பணம் வாங்கினோம். ஊசி போடப் போட நாற்றம் மட்டும் கூடிக்கொண்டே போனது. ஒரு மாதிரித் தித்திப்பான நாற்றம். கட்டுத்துணியில் பச்சையாகக் கறை பிடித்தது. பிள்ளைகள் அந்த அறைக்குள் வர மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், அப்பா பார்த்துவிடக் கூடாதே என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, இன்னும் மேல்படிப்புப் படிக்கிறவர், பார்த்தவுடனே தியேட்டருக்கு எடுத்துப் போனார். தையலைப் பிரித்து, உள்ளே திறந்து, கழுவி, சீழைச் சோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்து என்னிடம் ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணத்தைக் காட்டினார். "இது உள்ள இருந்துச்சும்மா." மிளகு பருமனில் கறுப்பாக ஜல்லித் துகள்கள். அதோடு முறுக்கிக்கொண்டு ஒரு நூல். சீழில் ஊறிப்போயிருந்தாலும் ஓரத்தில் நீலம் தெரிந்தது. டாக்டரம்மாவுக்கு அது என்னவென்று புரியவில்லை. எனக்குப் புரியாதா? பருத்தி. அறுபதாம் நம்பர். விபத்தன்று அவர் கட்டியிருந்த கைலி. எலும்பு துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே போகும்போது அந்த நூலையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலே தைத்திருக்கிறார்கள். அத்தனை நாளும், அத்தனை ஊசிக்கும், அத்தனை ஆயிரத்துக்கும் நடுவில் அந்த நூல் எலும்பை ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடந்திருக்கிறது.

இது தண்ணீர் பட்டதால் வந்ததா? கத்தரிக்காயால் வந்ததா? சொல்லுங்கள்.

சோதனை முடிவு ஒரு நீளத் தாளில் வந்தது. ஒரு பக்கம் மருந்துப் பேர்கள் வரிசையாக, எதிரே ஒரே ஒரு எழுத்து. எஸ் என்றால் மருந்து கேட்கும், ஆர் என்றால் கேட்காது. மேலிருந்து கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஆர், ஆர், ஆர், ஆர். கடைசியில் ஒன்றிரண்டு எஸ். 2010ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கார்த்திகேயன் குமாரசாமி என்கிற ஆய்வாளர், பெரிய பெரிய மருந்துகளுக்கும் அடங்காத கிருமி நம் சென்னையிலேயே இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னாராம். அந்தத் தாள் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஊசி மாற்றினார்களே, அவர்களுக்கும் புதிதாக இருந்திருக்கக் கூடாது.

ரத்தத்தில் கலந்துவிட்டது, எலும்பு செத்துவிட்டது, இனிக் காலை வைத்திருந்தால் ஆளே இருக்க மாட்டார் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். அவர் படுத்தபடியே டாக்டரம்மாவைப் பார்த்து, "நான் தறிக்காரனுங்க" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். காலை எடுத்தவள் அழுதாள். காலைக் கெடுத்தவர்கள் இன்றைக்கும் அழவில்லை.

என் அண்ணன் மகள் நர்சிங் படிக்கிறாள். ஆஸ்பத்திரியில் எங்களோடு துணைக்கு இருந்தாள். ஒரு ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தன் பாடப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். "அத்தை, இதெல்லாம் எங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றாள். எலும்பு வெளியே தெரிகிற முறிவு என்றால் முதலில் ஆன்டிபயாட்டிக் ஊசி. முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள். டெட்டனஸ் ஊசி. பிறகு கழுவுவது. பாதி பாட்டில் இல்லை அத்தை, புண் பெரிதென்றால் ஒன்பது லிட்டர் வரைக்கும் ஊற்றிக் கழுவுவார்கள். செத்த சதை, மண், துணி எல்லாவற்றையும் கண்ணால் தேடி எடுக்க வேண்டும். அழுக்கான புண்ணை அன்றைக்கே இறுக்கித் தைக்கக் கூடாது, திறந்து வைத்து இரண்டு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். அவள் படிக்கப் படிக்க எனக்கு அந்த ராத்திரியின் கேஷுவால்டி கதவு கண்ணில் ஓடியது. ஒன்றாவது செய்தார்களா? தேடிப் பார்த்தார்களா? திறந்து வைத்தார்களா?

இன்னொன்றும் சொன்னாள். கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. 1865ல் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ ஊரில் பதினோரு வயசுப் பையன் ஒருவன் காலில் வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து தோல் கிழிந்த புண். எங்கள் வீட்டுக்காரருக்கு வந்த அதே காயம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு புண் என்றால் பெரும்பாலும் காலை எடுப்பார்கள், இல்லையென்றால் ஆள் போய்விடுவார். ஜோசப் லிஸ்டர் என்கிற டாக்டர் கார்பாலிக் அமிலத்தில் துணியை நனைத்து அந்தப் புண்ணைக் காத்தார். புரையோடவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு சேர்ந்தது. பையன் இரண்டு காலோடு வீட்டுக்கு நடந்து போனான். அன்றைக்கு ஆன்டிபயாட்டிக் கிடையாது. கையுறை கிடையாது. ஸ்கேன் கிடையாது. அந்தப் பையன் கால் பிழைத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலே கழித்து, ஏசி போட்ட அறையில், கார்டு தேய்த்துக் காசு வாங்குகிற ஆஸ்பத்திரியில், என் வீட்டுக்காரர் கால் அழுகியது. எப்படி? யாராவது எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்வீர்களா?

காசு இல்லை, வசதி இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். புண்ணைக் கழுவ எது நல்லது என்று பல நாடுகளில் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2015ல் முடிவு வந்தது. அதில் நம் இந்திய நோயாளிகளும் இருந்தார்கள். சோப்புக் கரைசலைவிட வெறும் சலைன்தான் நல்லது என்று தெரிந்தது. பீய்ச்சி அடிக்கிற விலையுயர்ந்த இயந்திரமும் தேவையில்லை, மேலே மாட்டி ஊற்றினாலே போதும் என்று தெரிந்தது. உப்புத் தண்ணீர்! அதுதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை ஊற்றுகிற நேரமும் பொறுமையும்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் தெரிந்தவர்கள் இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜசேகரனும் அவரோடு இருந்தவர்களும் 2006ல் இதே காலெலும்பு முறிவுக்கு ஒரு மதிப்பெண் முறை எழுதினார்கள். தோல் எவ்வளவு போயிருக்கிறது, எலும்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று எண்ணிக் கூட்டினால் எந்தக் காலைக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிடலாம். 14ம் அதற்குக் கீழும் என்றால் காப்பாற்றலாம், 17ம் அதற்கு மேலும் என்றால் கஷ்டம். வெளிநாட்டு டாக்டர்கள் நம் ஊர்க்காரர்கள் எழுதியதைப் படிக்கிறார்கள். எங்களுக்கு அந்த மதிப்பெண்ணை யார் போட்டார்கள்? அன்றைக்கு ராத்திரி யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் என்ன வந்திருக்கும்? சூடான பாதம், அசைகிற விரல். எண்ணவே இல்லையே. எங்களை அனுப்ப வேண்டிய இடத்துக்கு உடனே அனுப்பியிருந்தால்கூட உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அரசாங்கத்தையும் நான் கேட்க வேண்டும். 2021 டிசம்பர் 18ஆம் தேதி எங்கள் பக்கத்து மாவட்டத்தில், மேல்மருவத்தூரில்தான் முதலமைச்சர் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் காசில்லாத சிகிச்சை. நல்ல திட்டம். அந்த ராத்திரி எங்களிடம் பணம் கேட்காமல் சேர்த்துக்கொண்டார்கள் என்றால் அதனால்தான், நன்றி மறக்க மாட்டேன். ஆனால் ஐயா, சீழ் 48 மணி நேரத்துக்குள் வருமா? மூன்றாம் நாள் வரும், ஐந்தாம் நாள் வரும், பத்தாம் நாள் வரும். உள்ளே இரும்பு வைத்திருந்தால் மூன்று மாதம் வரைக்கும் வருகிற சீழையும் அந்த ஆபரேஷனின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது மருத்துவத்தில் பரவலாக ஒப்புக்கொண்ட வழக்கம். அரசாங்கம் கணக்கை மூடுகிற நேரத்தில்தான் கிருமி கணக்கைத் திறக்கிறது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ரூபாயும் எங்கள் தலையில். அது மட்டுமா? முதல் 48 மணி நேரத்துக்கு அரசிடம் காசு வாங்கிய ஆஸ்பத்திரியை, அந்தக் கால் ஒரு மாதம் கழித்து என்ன ஆனது என்று யாராவது கேட்டார்களா? பணம் கொடுத்தவர்களுக்குக் கேட்கிற உரிமை இல்லையா?

எந்த ஆஸ்பத்திரி வாசலிலாவது, "போன வருஷம் இங்கே இத்தனை ஆபரேஷன், அதில் இத்தனை பேருக்குச் சீழ் வந்தது" என்று எழுதி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ரூம் வாடகை எழுதியிருக்கிறது. விருது வாங்கின போட்டோ மாட்டியிருக்கிறது. சீழைப் பற்றி ஒரு வரி இல்லை. எண்ணினால் குறையும் என்பது தெரியாததா? உலக சுகாதார நிறுவனம் 19 கேள்வி கொண்ட ஒரு காகிதத்தை எட்டு ஊர்களில் கொடுத்துப் பார்த்தது. அதில் டெல்லியும் ஒன்று. சரியான நேரத்துக்கு ஆன்டிபயாட்டிக் போட்டாயா என்பது அதில் ஒரு கேள்வி. கேட்டுக் கேட்டுச் செய்ததில், 100 ஆபரேஷனில் ஆறு பேருக்கு மேல் வந்த சீழ் மூன்று பேர் சொச்சமாகக் குறைந்தது. செத்துப்போகிறவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறையப் பாதியானது. 2009ல் வெளிவந்த கணக்கு இது. ஒரு காகிதம். அதை நிரப்பினால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?

எங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாணியம்பாடிச் செய்தியைப் படித்தபோது தூக்கமே வரவில்லை. 2022, 2023ல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குப் போன 10 பேருக்கு மூளையில் கிருமி ஏறி, 8 பேர் செத்திருக்கிறார்கள். பல் வலி என்று போனவர்கள். வாயில் வேலை செய்த கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, சரியாக மூடாமல் வைத்து, அதையே மறுபடி மறுபடி உபயோகித்திருக்கிறார்கள் என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களும் கண்டுபிடித்தார்கள். எங்களைப் போன்றவர்கள் அதை 2025ல்தான் பத்திரிகையில் படித்தோம். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்? விதி என்றுதானே? அதே 2022 நவம்பரில் சென்னையில் ஒரு கால்பந்து விளையாடுகிற பெண் குழந்தை, 17 வயசு, முழங்கால் ஆபரேஷனுக்குப் போய் முதலில் காலையும் பிறகு உயிரையும் விட்டது. அது கிருமியால் இல்லை, இறுக்கிக் கட்டிய கட்டால். ஆனால் கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்கவில்லை என்பதில் எங்கள் கதையும் அந்தக் குழந்தை கதையும் ஒன்றுதான். கட்டுக் கட்டியதோடு வேலை முடிந்தது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

எல்லா டாக்டர்களையும் நான் ஏசவில்லை. அந்தச் சென்னை டாக்டரம்மா, ஒவ்வொரு கட்டிலுக்கும் போகும் முன்னால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போன அந்த ராத்திரி டூட்டி சிஸ்டர், அவர்கள் கால் தூசிக்கு நான் ஈடாக மாட்டேன். அந்த சிஸ்டர் தற்காலிக வேலையில் இருப்பவர். நிரந்தரம் கேட்டுச் சென்னையில் போராடின நர்சுகளில் அவரும் ஒருவர் என்று பேச்சுவாக்கில் சொன்னார். வார்டு முழுக்க ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். அவ்வளவு ஓட்டத்திலும் அவருக்குக் கை கழுவ நேரம் இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு பார்த்த இடத்தில் ஏன் இல்லை?

என் வீட்டுக்காரர் இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் தருவார்கள், நடக்கலாம் என்கிறார்கள். நடப்பார். ஆனால் குழிக்குள் இருட்டில் எந்த மிதி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினால் பாவு எவ்வளவு பிரியும் என்று உள்ளங்காலுக்குத்தான் தெரியும். கண்ணால் பார்த்து மிதிக்கிற வேலை இல்லை அது. பாதி நெய்த கோர்வைச் சேலையோடு தறியில் ஏற்றியிருந்த பாவை முதலாளி ஆள் அனுப்பி அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முகூர்த்தத்துக்குச் சேலை கேட்டிருந்தவர்கள் காத்திருப்பார்களா? முன்பணம் மட்டும் எங்கள் பேரில் நிற்கிறது. பெரியவன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறான். பஸ் ஏறும்போது அவன் அப்பாவைப் பார்ப்பதில்லை.

முதல் ஆஸ்பத்திரியில் போய் கேஸ் ஷீட் கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2002லேயே விதி போட்டிருக்கிறது. கிடைத்தது அந்தப் பழைய ஒற்றைத் தாளின் ஜெராக்ஸ்தான். 'நிலைமை திருப்திகரம்.' காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டதாம், வக்கீல் சொன்னார். கேஸ் போடலாம். எதை வைத்துப் போடுவது? என்ன செய்தீர்கள் என்பது உங்கள் ரிஜிஸ்டரில் இருக்கிறது. என்ன ஆனது என்பது எங்கள் திண்ணையில் இருக்கிறது.

நான் கேட்பது நஷ்ட ஈடு இல்லை. அதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். இப்போது எனக்கு வேண்டியது சில பதில்கள்தான். அன்றைக்கு ராத்திரி அந்தக் காலைக் கழுவியது யார்? டாக்டரா, கம்பவுண்டரா? எத்தனை பாட்டில் சலைன் ஊற்றினார்கள்? முதல் ஆன்டிபயாட்டிக் ஊசி எத்தனை மணிக்குப் போட்டார்கள்? தைக்கும் முன்னால் உள்ளே விரல் விட்டுத் தேடினார்களா? அவ்வளவு அழுக்கான புண்ணை அன்றைக்கே தைக்கலாம் என்று முடிவு செய்தது யார், அவர் பேர் என்ன? எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டுங்கள். எழுதவே இல்லை என்றால், அதையாவது கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.